ரேட் ஏறினால் நீளும் தாழ்வாரம்

பலகைக்காரர் வீட்டுத் தாழ்வாரம், அவருடைய ஒரே மகள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போன வாரத்திலிருந்து, அந்த நாட்டுப் பணத்தின் விலை ஏறினால் நீளவும் இறங்கினால் குறுகவும் தொடங்கியது. முதலில் இதைக் காட்டிக்கொடுத்தது துணிக்கொடிதான். காலையில் ஒட்டினாற்போல் காயப்போட்ட வேட்டியும் புடவையும் சாயங்காலம் பார்த்தால் சண்டை போட்டுக்கொண்டவர்கள் மாதிரி தள்ளித் தள்ளித் தொங்கின. கொடி அறுந்திருக்க வேண்டும், அறவில்லை. அதுவும் கூடவே நீண்டிருந்தது. பலகைக்காரரின் மனைவி, வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் மட்டமான கயிறு கட்டியிருக்கிறார் என்று முடிவு கட்டி, கிளிப்புகளைக் கழற்றித் துணிகளை மறுபடி ஒன்றாகப் போட்டாள். மறுநாள் ரேட் இறங்கியது. இரண்டும் கசங்கி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அவள் வேலைக்காரியைச் சந்தேகப்பட்டாள். அவர்கள் வீட்டில் வேலைக்காரி கிடையாது.

ரேட்டோடு சம்பந்தப்படுத்திப் பார்த்தது பலகைக்காரர். அவரைத் தவிர வேறு யாராலும் முடிந்திருக்காது. அந்நியப் பணம் மாற்றித் தரும் கடையில், வாசலுக்கு மேலே தொங்கிய கறுப்புப் பலகையில் ஒவ்வொரு நாட்டுப் பணத்துக்கும் வாங்கும் விலை, விற்கும் விலை என்று எண் வில்லைகளைக் கொக்கி வைத்த கம்பால் மாட்டுவதும் கழற்றுவதும்தான் அவர் வேலை. பக்கத்துக் கடைகளெல்லாம் சிவப்பு விளக்கில் எண் ஓடுகிற பெட்டி வைத்துவிட்டார்கள். இவர் முதலாளி மட்டும் கரண்ட் போனாலும் பலகை போகாது என்று சொல்லி மறுத்துவிட்டார். கூடம், அடுப்படி, தாழ்வாரம், அதன் கோடியில் மகள் படித்துத் தூங்கிய பின்னறை என்று வீடு ரயில்பெட்டி மாதிரி வரிசையாகப் போகும். பலகைக்காரர் காலையில் குளிக்கப் போகும்போது தாழ்வாரம் ஒரு பாய் நீளம் கூடியிருக்கும். கடைக்குப் போனால் ரேட் ஏறியிருக்கும். தாழ்வாரம் குறுகியிருந்தால் ரேட் இறங்கியிருக்கும். ஒரு மழைக்காலம் முழுக்க இதைப் பார்த்துவிட்டு, அவர் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அப்ப ரேட் எப்ப எறங்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

முதல் ஒன்றிரண்டு வருஷம் அது பெரிய தொந்தரவாக இல்லை. பல்பு போதவில்லை என்று இன்னும் சில பல்பு போட்டார்கள். சுவரோரம் ஓடிய தண்ணீர்க் குழாயும் இழுபட்டு அங்கங்கே சொட்டியது. அதற்குக் கீழே வாளி வைத்தார்கள். வீட்டுக்காரர் வந்து பார்த்து, இடம் கூடியிருப்பதால் வாடகையும் கூடவேண்டும் என்றார். "தாராளமா ஏத்திக்குங்க. குறைஞ்சா குறைக்கணும்" என்றார் பலகைக்காரர். அடுத்த நான்கு மாதம் ரேட் இறங்குமுகம். வீட்டுக்காரர் ஒரு நாள் பழைய வாடகையையே கொடுத்தால் போதும் என்று வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். மகள் அங்கே தனி வீடு பார்த்துக் குடியேறிய மாதத்தில் பின்னறைக் கதவும் மாறிவிட்டது. மஞ்சள் பெயிண்ட் உரிந்த பழைய மரக்கதவு போய், வெள்ளையடித்து, நடுவில் எட்டிப் பார்க்கும் கண்ணாடித் துளை வைத்த கதவு ஒன்று அங்கே இருந்தது. அதன் பிறகு அவர்கள் அந்தப் பக்கம் போகும்போது சட்டையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை வீடாயிற்றே.

முதலாளிக்கு இது தெரியவந்தது பலகைக்காரரின் வாயால்தான். ஒரு நாள் காலையில் கடை திறக்கும்போது, "இன்னிக்கு ஏறும் பாருங்க, எங்க வீட்டுத் தாழ்வாரம் வாசல்ல நின்னா கதவு தெரியல" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். முதலாளி சிரித்தார். மத்தியானம் ரேட் ஏறியபோது அவர் சிரிக்கவில்லை. சந்தை திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே தாழ்வாரம் அசைந்துவிடுகிறது என்பதைப் பலகைக்காரர் இத்தனை நாள் பார்த்தும் யோசிக்கவில்லை. முதலாளி ஒரே நாளில் யோசித்துவிட்டார். அன்றிலிருந்து பலகைக்காரர் குளித்த கையோடு கடைக்கு ஓடி, நீண்டதா குறைந்ததா என்று சொல்ல வேண்டும். நீண்டது என்றால் முதலாளி ஊரில் கிடைக்கிற அந்நியப் பணத்தையெல்லாம் விலை ஏறுவதற்குள் வாங்கிப் பெட்டியில் வைப்பார். சாயங்காலம் பலகைக்காரர் கையில் ஒரு கவர் வரும். குறைந்தது என்று சொன்ன நாளில் கவர் கிடையாது. ஒரு தடவை அதைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நஷ்டம் தப்பிச்சதுக்கு யாராவது கூலி கொடுப்பாங்களாய்யா?" என்றார் முதலாளி.

அது நியாயமாகத்தான் பட்டது. கவர்களைப் பலகைக்காரர் பீரோவில், தன் கல்யாண வேட்டிக்கு அடியில் வைத்தார். மனைவியிடம் சொல்லவில்லை. ஒரு நாள் மொத்தமாக எடுத்து, 'இந்தா, உன் மகளைப் போய்ப் பார்க்கலாம்' என்று நீட்டவேண்டும் என்று நினைத்தார். இந்த எண்ணத்தில் தப்பு எதுவும் இல்லை. தப்பு வேறு இடத்தில் இருந்தது. சில மாதம் கழித்துத்தான் அவருக்கே தெரிந்தது. காலையில் அடுப்படி தாண்டிக் காலை வைக்கும்போது, தாழ்வாரம் நீண்டிருந்தால் அவர் மனசு குளிர்ந்தது. மகள் ஒரு தெரு தள்ளிப் போயிருக்கிறாள், அப்பாவுக்குச் சந்தோஷம். இதை நினைத்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை நீண்டிருந்தது. மறுபடி சந்தோஷமாக இருந்தது. மனசை என்ன செய்வது, அதற்குக் கவர் பழகிவிட்டது.

கடையிலும் அவரிடம்தான் ஆட்கள் கேட்பார்கள். கவுண்டரில் இருப்பவர்களை யாரும் நம்புவதில்லை, பலகைக்குக் கீழே கம்போடு நிற்கிற மனிதரை நம்புவார்கள். "அண்ணே, இன்னிக்கு மாத்தலாமா, ரெண்டு நாள் பொறுக்கலாமா?" என்பார்கள். அவர் முன்பெல்லாம் உள்ளதைச் சொல்வார். முதலாளி பெட்டி நிரப்புகிற நாட்களில் மட்டும், "பொறுங்களேன், எறங்குற மாதிரி இருக்கு" என்று சொல்லும்படி ஆயிற்று. ஒரு தையல்காரர் தானும் மனைவியுமாகத் தம்பியைப் பார்க்கப் போவதற்கு ரொம்ப நாள் சேர்த்த பணத்தோடு வந்தார். பலகைக்காரர் பொறுக்கச் சொன்னார். தையல்காரர் பொறுத்தார். பொறுத்துவிட்டு வந்தபோது அந்தப் பணத்துக்கு ஒரு ஆள்தான் போகலாம். அவர் மட்டும் போய்வந்தார். வந்த பிறகும் பலகைக்காரரைப் பார்த்தால் வணக்கம் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. பலகைக்காரர் தான் சட்டை தைக்கக் கொடுக்கும் கடையை மாற்றிக்கொண்டார்.

மகள் உண்டாகியிருக்கிறாள் என்று செய்தி வந்தபோது தாழ்வாரம் கிட்டத்தட்ட ஒரு பஸ் நிறுத்தத்துக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரம் இருந்தது. பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பலகைக்காரர் கணக்குத் தெரிந்தவர். டிக்கெட்டுக்கு அந்த ஊர்க் காசில்தான் விலை வைக்கிறார்கள், ரேட் ஏறினால் அதுவும் ஏறும். விசாக் கட்டணம் அப்படித்தான். காய்ச்சல் வந்தால் காட்டுவதற்கு இன்ஷூரன்ஸ் அப்படித்தான். அங்கே இருக்கிற நாளெல்லாம் பஸ்ஸுக்கு, பாலுக்கு, ஒரு பிஸ்கட் பாக்கெட்டுக்கு அந்த ஊர்க் காசு வேண்டும். மாப்பிள்ளை தலையில் போய் உட்காருவதாவது! இங்கே ரேட்டில் ஒரு எண் மாறினால் அங்கே ஒரு வாரச் சாப்பாடு போய்விடும் என்று மனைவிக்கு விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டாள். அவளுக்குப் புரியாமல் இல்லை. இத்தனை வருஷம் அவரோடு குடித்தனம் செய்தவள், காய்கறிக்காரனிடமே நாளைக்கு என்ன விலை என்று கேட்டு வாங்குகிறவள்.

பிறகு ஒரு வாரம் ரேட் விழுந்தது. ஏன் விழுந்தது என்று பேப்பரில் ஏதேதோ எழுதினார்கள். தாழ்வாரம் நாளுக்கு நாள் உள்ளே வந்தது. வாளிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பல்புகள் நெருங்கி நெருங்கி வந்து, பகல் மாதிரி வெளிச்சம் அடித்தது. கடைசியில் வெள்ளைக் கதவு நாலே பாய் தூரத்தில் வந்து நின்றது. மகள் இருமுவது கேட்டது. அவள் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. சின்ன வயதிலிருந்தே கரண்டியை ஓங்கி வைக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு, அது மாறவில்லை. பலகைக்காரரின் மனைவி ஒரு நாற்காலியைத் தாழ்வாரத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அடுப்படியைக்கூட மறந்துவிட்டாள்.

"இப்படியே நடந்து போயிட்டு வந்துடலாமே" என்றாள்.

"நல்லா இருக்கு. சம்பந்தி அம்மா எப்படி வந்தாங்கன்னு நாலு பேர் கேட்டா, அடுப்படி வழியா வந்தாங்கன்னு அவ சொல்லணுமா? மாப்பிள்ளையோட அப்பா அம்மா ரெண்டு தடவ பிளேன்ல வந்துட்டுப் போயாச்சு."

"அப்ப டிக்கெட் போடுங்க."

பீரோவில் இருந்த கவர்களையும் சேர்த்தால் பணம் போதும். இரண்டு பேருக்கும் போதும், கையில் வைத்துக்கொள்ளவும் மிஞ்சும். இது அவருக்குத் தெரியும். ஆனால் விழுகிற ரேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனிதனின் கை எப்படி அரிக்கும் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்களைத்தான் கேட்க வேண்டும். அடி மட்டத்தில் வாங்கினவன் என்று பேர் எடுக்க ஆசை. "இன்னும் ரெண்டு பாய் நீளம் எறங்கட்டும். அப்புறம் போடலாம்" என்றார். அவள் நாற்காலியிலேயே தூங்கிப்போனாள்.

காலையில் அவர்தான் முதலில் எழுந்தார். நாற்காலி அடுப்படி வாசலில் இருந்தது. நாற்காலிக்கும் கதவுக்கும் நடுவே இப்போது ஒரு தெரு போகும் இடம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசிப் பல்பு ஒரு அடி நகர்ந்தது. சந்தை திறக்க இன்னும் ஒரு மணி நேரம். டிக்கெட் ஆபீஸ் அவர்கள் வீட்டிலிருந்து இடது கைப்பக்கம், வெள்ளனவே திறந்துவிடுவார்கள். நேற்றைய விலைக்கே போட்டுவிடலாம். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அங்கே கால் வலது பக்கம் திரும்பியது. கடைப் பக்கம். வருஷக்கணக்காகத் தாழ்வாரம் நீண்ட காலையில் அந்தக் கால் அந்தப் பக்கம்தான் போயிருக்கிறது என்று பிற்பாடு அவர் தனக்குத் தானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். ஆனால் பாதித் தூரத்தில் அவருக்கு நினைவு வந்தது என்பதும், சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைத்ததும், இவ்வளவு பெரிய ஏற்றத்துக்குக் கவர் தடிமனாக இருக்கும் என்று நினைத்ததும் அவருக்குத் தெரியும். முதலாளி நம்பாமல் இரண்டு தரம் கேட்டார். பெட்டிச் சாவியைத் தேடினார். டீ சொன்னார். பலகைக்காரர் டிக்கெட் ஆபீஸுக்கு வந்து சேர்ந்தபோது, அங்கிருந்த பெண், "நேத்து வந்திருக்கலாமே சார்" என்றாள். சாயங்காலம் கவர் உண்மையிலேயே தடிமனாக இருந்தது. ஆனால் டிக்கெட் அதைவிடத் தடித்துவிட்டது, ஒரு ஆளுக்குக்கூட எட்டவில்லை.

அதற்குப் பிறகு ரேட் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தை பிறந்தது. மகள் வலியோடு தனியாக டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளைக்கு அன்று வெளியூர் வேலை. மூன்றாம் நாள் போனில் பேசினாள். பெண் குழந்தை, காது அப்படியே உங்க காதுப்பா என்றாள். பலகைக்காரர், வர முடியாமல் போனதற்கு ஏதோ சொல்லத் தொடங்கினார். அவள் அவரை முடிக்கவிடவில்லை. "பரவாயில்லப்பா. ரேட் எறங்கட்டும், அப்புறம் வாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவரிடமிருந்து கற்றுக்கொண்ட ஒன்றை அவருக்கே ஆறுதலாகச் சொன்னாள். அவர் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றார். எதிர்வீட்டுக்காரர் என்ன விஷயம் என்று கேட்டதற்கு, பேத்தி பிறந்திருக்கிறாள் என்று சொன்னார். ஏன் அழுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. சந்தோஷத்தில் என்று நினைத்திருப்பார்.

பேத்தி குப்புற விழுந்தாள், உட்கார்ந்தாள், பல் முளைத்தது. எல்லாம் போனில்தான். ரேட் ஏறிக்கொண்டே இருந்தது, கவரும் வந்துகொண்டே இருந்தது, பீரோவில் வேட்டி மேலே மேலே எழும்பியது. எவ்வளவு சேர்ந்தாலும் டிக்கெட் அதற்கு ஒரு கை மேலேயே இருந்தது. தாழ்வாரத்தில் பல்பு வெளிச்சம் ஒரு பொட்டாகத் தெரிந்து, பிறகு அதுவும் தெரியாமல் போயிற்று. ரேட் அதுவரை யாரும் கண்டிராத உச்சத்துக்குப் போன ஒரு வெள்ளிக்கிழமை, அவர் கடையிலிருந்து வந்து பார்த்தால் மனைவி ஒரு பையில் அரிசியும் பிஸ்கட்டும் கையடக்க ஸ்டவ்வும் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். தோளில் இன்னொரு பை. குழந்தைக்குப் பின்னிய கம்பளிச் சட்டைகள், அளவு பத்தாது என்று தெரிந்தே எடுத்துவைத்திருந்தாள்.

"இன்னிக்கா போற? இதைவிட மோசமான நாள் கிடையாதும்மா. கொஞ்சம் யோசி."

"யோசிச்சா நீங்கதான் வந்து நிப்பீங்க. தள்ளுங்க."

"நடந்து எப்ப போய்ச் சேர?"

"உங்க ரேட் எறங்குறதுக்குள்ள போயிடுவேன்."

பேச்சு அவ்வளவுதான். அடுப்படியில் சாதம் வடித்து மூடி வைத்திருக்கிறது, பால்காரருக்குச் சொல்லியாயிற்று என்று சொல்லிவிட்டு அவள் தாழ்வாரத்தில் இறங்கினாள். அவர் வாசல்படியில் நின்று பார்த்தார். ரொம்ப நேரம் முதுகு தெரிந்தது. ஒவ்வொரு வாளியையும் தாண்டும்போது புடவையைத் தூக்கிக்கொண்டாள். பிறகு செருப்புச் சத்தம் மட்டும். அவர் சாதத்தைப் போட்டுச் சாப்பிட்டார். நன்றாகத்தான் இருந்தது, அதுவும் ஒரு குற்றம் போலப் பட்டது.

மகள் போன் செய்தால் அம்மா கடைக்குப் போயிருக்கிறாள் என்றார். அடுத்த தடவை தூங்குகிறாள் என்றார். பிறகு கோவிலுக்கு. "அம்மா என்னப்பா, எப்பப் பாத்தாலும் வெளியவே சுத்துறாங்க" என்று மகள் சிரித்தாள். மனைவி அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை என்பதை அவர் இப்படித்தான் தெரிந்துகொண்டார். காலையில் தாழ்வாரத்தை எட்டிப் பார்ப்பார். நீண்டிருக்கும். இப்போது நடுவில் அவள் இருக்கிறாள், நீள்கிற ஒவ்வொரு அடியும் அவள் காலுக்கு. ஆனாலும் கடைக்குப் போய், நீண்டிருக்கிறது என்று சொன்னார். கவரை வாங்கிக்கொண்டார். வாங்காவிட்டால் முதலாளி காரணம் கேட்பாரே.

முதலாளி சம்பந்தி வீட்டு விசேஷத்துக்கு இரண்டு நாள் வெளியூர் போனபோது பலகைக்காரர் அந்தக் காரியத்தைச் செய்தார். உலகத்தில் வேறு எந்தத் தொழில்காரனுக்கும் இப்படி ஒரு முட்டாள்தனம் தோன்றியிருக்காது. காலையில் கடையைத் திறந்து, கம்பை எடுத்து, பலகையில் அன்றைய விலையை மாட்டாமல், கதவு நாலு பாய் தூரத்தில் வந்து நின்ற அந்த வாரத்து விலையை மாட்டினார். ரேட் பார்த்துத் தாழ்வாரம் நீளுமென்றால், பலகை பார்த்தும் குறையத்தானே வேண்டும். இருபது வருஷமாக ஜனங்கள் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் சந்தோஷப்பட்டும் துக்கப்பட்டும் வந்தார்கள், தாழ்வாரம் மட்டும் என்ன உசத்தி. கவுண்டரில் இருந்தவர் எழுந்து வந்து பலகையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "முதலாளி சொன்னாரா?" என்றார். "சொன்னாரு" என்றார் பலகைக்காரர். பத்து மணிக்கு வரிசை தெருமுனை தாண்டியது. கல்லூரியில் சேரப் பிள்ளையை அனுப்புகிறவர்கள், ஆபரேஷனுக்குப் போகிறவர்கள், கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் போனால் போதும் என்று ஒத்திப்போட்டுக்கொண்டே இருந்தவர்கள். வரிசையில் தையல்காரரும் நின்றார், பக்கத்தில் அவர் மனைவி. அந்த அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள், பணம் மாற்றத்தான் போகிறோம் என்றாலும். கடையில் இருந்த அந்நியப் பணம் மாலைக்குள் தீர்ந்துபோனது.

பலகைக்காரர் வீட்டுக்கு ஓடிவந்து பார்த்தார். தாழ்வாரம் ஒரு விரல்கடை கூடக் குறையவில்லை.

முதலாளி திரும்பி வந்தவர் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். "ஏன்யா இப்படிப் பண்ண?" என்றார். பலகைக்காரர், "வீட்டுல நடந்து போயிருக்காங்க" என்றார். முதலாளிக்கு அது ஒரு பதிலாகப் படவில்லை. பலகைக்காரர் வீட்டுக்குப் போய், பீரோவிலிருந்த கவர்களையெல்லாம் ஒரு தலையணை உறையில் போட்டு எடுத்துவந்து மேசை மேல் வைத்தார். ஒன்றையும் பிரித்திருக்கவில்லை. நஷ்டத்தில் பெரும்பகுதிக்கு அது ஈடாயிற்று, மீதிக்கு வேலை போயிற்று. கம்பைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு வெளியே வந்தபோது, அவருக்கு ரொம்ப காலத்துக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

அவர் கிளம்பியதை யாரிடமும் சொல்லவில்லை. சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்தார், வாளி நிரம்பினால் கொட்டும்படி கேட்டுக்கொண்டார். தாழ்வாரம் முதலில் பழக்கப்பட்டதாகத்தான் இருந்தது. அதே சுண்ணாம்பு, மகள் பென்சிலால் கிறுக்கிய படம் இழுபட்டு இழுபட்டு ஒரு பகல் முழுக்க வந்தது. பிறகு சுவரில் ஈரம். அதற்கப்புறம் உப்பு பூத்துப் பூத்து உதிர்ந்தது. தலைக்கு மேலே அவ்வப்போது எதையோ உருட்டிக்கொண்டு போவது மாதிரி சத்தம் கேட்டது, கப்பலாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார். பசித்தால் பொரியும் வெல்லமும், தாகத்துக்குக் குழாய்ச் சொட்டு. வழியில் அவள் சமைத்த இடம் ஒன்றில் தரை கறுத்திருந்தது. இன்னொரு இடத்தில் பிஸ்கட் உறையை நாலாக மடித்துச் சுவரோரம் வைத்திருந்தாள். யாரும் வராத இடத்தில்கூடக் குப்பை போட மாட்டாள். ரொம்ப தூரத்துக்கு அப்பால் அவளுடைய செருப்பு ஒன்று, வார் அறுந்து கிடந்தது. இன்னொரு செருப்பு எங்கே என்று தேடிக்கொண்டே நடந்தார். அது கிடைக்கவில்லை. அதற்கு அப்புறம் கறுத்த தரையும் இல்லை, மடித்த உறையும் இல்லை. அவர் மூலைகளில் பார்த்தார். மூலை இல்லாத இடத்தில் ஆள் எங்கே விழுந்து கிடக்க முடியும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். நடக்க நடக்க, அவளிடம் என்ன சொல்வதென்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். சுருக்கமாகச் சொன்னால் மறைப்பது போலிருந்தது. விளக்கமாகச் சொன்னால் நியாயப்படுத்துவது போலிருந்தது.

வெள்ளைக் கதவை அடைந்தபோது உள்ளே கரண்டி வைக்கும் சத்தம் கேட்டது. பலகைக்காரர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு தட்டினார். கண்ணாடித் துளை இருண்டு வெளுத்தது. திறந்தது மனைவி. ஒரு காலில் கட்டுப் போட்டிருந்தாள். இடுப்பில் குழந்தை, போனில் பார்த்ததைவிடப் பெரிது.

"ரேட் எறங்கிடுச்சா?" என்றாள்.

"இல்ல. இன்னும் ஏறிடுச்சு."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வழி விட்டாள். மகள் அடுப்படியிலிருந்து வந்து, "அப்பா" என்று கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா முந்தாநாள்தான் வந்தார்கள் என்றும், போன் செய்து செய்து பார்த்தோம் யாரும் எடுக்கவில்லை என்றும் சொன்னாள். அவர் முகம் கழுவினார். கொடுத்ததைச் சாப்பிட்டார். மகள் குழந்தைக்குத் துணி எடுக்க உள்ளே போன நேரத்தில், தரையில் உட்கார்ந்தபடியே, நாற்காலியில் இருந்த மனைவியிடம் சொன்னார். கவர்களைச் சொன்னார். நீண்டால் சந்தோஷமாக இருந்ததைச் சொன்னார். அந்தக் காலையில் இடது பக்கம் போக வேண்டியவர் வலது பக்கம் போனதையும், பாதியில் நினைவு வந்தும் திரும்பாததையும் சொன்னார். வழியெல்லாம் தயார் செய்த வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை.

"எனக்கு இது தெரியாது" என்றாள் அவள். பிறகு, "அவ டாக்ஸில தனியா போனா" என்றாள். குழந்தைக்குத் தூக்கம் வந்து சிணுங்கியது. அதை எடுத்து அவர் மடியில் கிடத்திவிட்டு மறுபடி நாற்காலியில் போய் உட்கார்ந்து சன்னல் பக்கம் பார்த்தாள். குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது. அந்தக் காது அவர் காதுதான். அவருக்கு அதைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் பார்த்தார். கால் மரத்துப்போனது. அசையவில்லை.

மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்தார். மாமனார் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார், அவருக்குப் பின்னால் துணி அலமாரி இருந்த சுவரில் திறந்து கிடந்த கதவையும், அதற்கு அப்பால் வரிசையாகப் போகும் மங்கிய பல்புகளையும் பார்த்தார். கோட்டைக் கழற்றி மாட்டினார்.

"வாங்க மாமா. நல்லா இருக்கீங்களா? அந்தக் கதவ மட்டும் சாத்திடலாமா, ஹீட்டர் ஓடுது, சூடெல்லாம் உங்க வீட்டுக்குப் போகுது" என்றார்.

பலகைக்காரர் எழுந்திருக்கப் பார்த்தார். மடியில் குழந்தை இருந்தது. மனைவி நாற்காலியிலிருந்து எழுந்து, நொண்டிக்கொண்டு போய், கதவைச் சாத்திவிட்டு வந்தாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவள் தரையில், அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவரைப் பார்க்கவில்லை. குழந்தையின் கால் பக்கம் விலகியிருந்த துணியை இழுத்துவிட்டாள்.